ஊர் வீட்டைத் திறங்கள்!

*கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்று யோசிக்கும் பல குடும்பங்களுக்குச் சொந்த ஊரில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. குறைந்த செலவில் அங்கே போய்வர என்ன வழி? போகாமலே விட்டால் அந்த வீட்டுக்கும் குடும்பத்துக்கும் என்ன ஆகும்?*

மே மாதத்துக் காலை. முந்தைய இரவு சென்னையில் ஏறியவர்களைப் பொதிகை விரைவு ரயில் தென்காசியில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து ஊருக்குள் நுழைந்தால், எதிர்த்த வீட்டுப் பெரியம்மை வாசலுக்கு வந்துவிடுவார். இப்போதுதான் வழி தெரிந்ததா என்ற கேள்வி முதலில் வரும். முந்தானையில் முடிந்துவைத்த சாவி அதற்குப் பிறகுதான் வரும்.

பூட்டு லேசில் திறக்காது. அந்தக் காலத்துத் திண்டுக்கல் பூட்டு, ஓராண்டுத் துரு. சாவித் துவாரத்தில் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, சின்னக் கல்லால் பக்கவாட்டில் தட்டி, மறுபடி திருப்பினால் உள்ளே நாக்கு விலகும் சத்தம் கேட்கும். கதவைத் தள்ளியதும் வௌவால் எச்சத்தின் நெடி. பட்டாசல் என்னும் நடுக்கூடத்தில் ஓடு நகர்ந்த இடத்தின் நேர் கீழே, தரையில் உள்ளங்கை அகலத்துக்கு வெயில். அதைச் சுற்றிப் போன ஐப்பசி மழை விட்டுப்போன வளையக் கறை. நிலையின் மேல் சட்டத்திலிருந்து தரைவரைக்கும் கறையான் கட்டிய மண்கோடு. சுவரில் தேதி கிழிக்காத நாள்காட்டி, சென்ற ஆண்டு ஊரிலிருந்து கிளம்பிய நாளிலேயே நிற்கிறது.

பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள். பெரியவர்கள் விளக்குமாறைத் தேடுகிறார்கள். விடுமுறை தொடங்கிவிட்டது.

வீடு பூட்டிய கதை

தமிழ்நாட்டின் தென்கோடி முதல் காவிரிப் படுகை வரை இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். படிப்புக்கு வெளியூர் போன பிள்ளைகள் வேலைக்குச் சென்னை, கோவை, பெங்களூரு என்று தங்கினார்கள். தாத்தாவும் ஆச்சியும் இருந்தவரை பொங்கலுக்கும் கோடைக்கும் கூட்டம் கூடியது. அவர்கள் காலத்துக்குப் பிறகு கோயில் கொடைக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் மட்டும் கதவு திறந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 48 சதவீதத்துக்கும் மேலானோர் நகரவாசிகள். அந்த இடப்பெயர்வின் மறுபக்கம்தான் இந்தப் பூட்டுகள்.

இப்போது ஊர் வீட்டின் நினைவு மறுபடி வரக் காரணம் இருக்கிறது. மலை வாசத்தலங்கள் நெரிசலில் திணறுகின்றன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பே வந்தது. சீசனில் அறை வாடகை ஏறும், சாப்பாட்டு விலை ஏறும், பாதி நாள் மலைப்பாதை நெரிசலில் போகும். நடுத்தரக் குடும்பம் ஒன்று நாலு நாள் தங்கித் திரும்பினால் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி கரைந்திருக்கும்.

ஊர் வீட்டில் வாடகை இல்லை. ஆனால் அங்கே போவதும் தங்குவதும் தானாக நடந்துவிடாது. திட்டம் வேண்டும், கொஞ்சம் பணம் வேண்டும், அதைவிட மேலாகக் குடும்பத்துக்குள் ஓர் உடன்பாடு வேண்டும்.

அறுபது நாள் கணக்கு

விடுமுறைச் செலவில் முதல் ஓட்டை பயணம். கடைசி வாரத்தில் டிக்கெட் தேடுபவர்கள் ஆம்னி பஸ் வாசலில் போய் நிற்கிறார்கள். சாதாரண நாளில் ஆயிரத்துக்குள் இருக்கும் கட்டணம், பள்ளி விடுமுறையும் பண்டிகையும் சேரும் நாட்களில் 2,000 ரூபாயைத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறோம்.

சென்னையிலிருந்து தென்காசிக்கு ரயிலில் படுக்கை வசதிக் கட்டணம் ஆளுக்குச் சுமார் 400 ரூபாய். நாலு பேர் போய்த் திரும்ப 3,200. அதே நாலு பேர் 2,000 ரூபாய் டிக்கெட்டில் பஸ்ஸில் போய்த் திரும்பினால் 16,000. வித்தியாசம் 12,800 ரூபாய். ஓடு மாற்ற ஆள் கூப்பிடவும், சுண்ணாம்பு வாங்கி வெள்ளையடிக்கவும் ஊர் வீட்டுக்குத் தேவைப்படுவது இப்படிப்பட்ட ஒரு தொகைதான். பயணத்தில் மிச்சம் பிடிப்பதை வீட்டில் போடுங்கள் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

ரயிலில் இடம் வேண்டுமானால் தேதியை முன்கூட்டி முடிவு செய்ய வேண்டும். முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பர் 1 முதல் குறைந்துவிட்டது. மே 1-ம் தேதி கிளம்ப நினைப்பவர் மார்ச் 2-ம் தேதி காலை 8 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். தென் மாவட்ட ரயில்களில் சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியல் தொடங்கிவிடும்.

இடம் கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. தாம்பரத்திலிருந்து நாகர்கோவில் போகும் அந்த்யோதயா ரயில் முழுக்க முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கொண்டது. திருநெல்வேலியில் இறங்கினால் செங்கோட்டை மார்க்கத்தில் பாசஞ்சர் ரயில் கிடைக்கும். கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் போவோருக்கு இது சிரமம். இளைஞர்களுக்குத் தாராளமாக ஏற்றது. குடும்பம் முழுவதும் ஒரே நாளில் கிளம்ப வேண்டியதும் இல்லை. முதலில் இரண்டு பேர் போய் வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கி வைத்தால், இரண்டு நாள் கழித்துப் பெரியவர்களும் குழந்தைகளும் நிம்மதியாக வந்து சேரலாம்.

■ பெட்டிச் செய்தி: பயணத்தில் மிச்சம்

• ரயிலில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. 5 முதல் 12 வயதுக்குள் படுக்கை வேண்டாம் என்று குறித்தால் அரைக்கட்டணம். படுக்கை கேட்டால் முழுக்கட்டணம்.

• மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது; 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களும் அதில் வருவார்கள். வயதைச் சரியாகக் குறிப்பிடுங்கள்.

• தட்கல் முன்பதிவு பயணத்துக்கு முந்தைய நாள் தொடங்கும். ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். கணக்கில் ஆதாரை முன்பே இணைத்துவையுங்கள்.

• சென்னையிலிருந்து தென் மாவட்ட அரசு பஸ்கள் கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. இந்த முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. நகருக்குள்ளிருந்து அங்கே போய்ச் சேரும் நேரத்தையும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

• சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. ஊருக்குப் போன பிறகு சுற்றுவதற்கு இது பெரிய உதவி.

பூட்டிய வீடு ஏன் சீக்கிரம் விழுகிறது?

ஆள் புழங்கும் வீடு நூறு ஆண்டு நிற்கிறது. பூட்டிய வீடு பத்தே ஆண்டில் உட்கார்ந்துவிடுகிறது. இதற்குக் கண்ணேறும் காரணம் இல்லை, காலக்கேடும் காரணம் இல்லை. கவனிக்க ஆளில்லாததுதான் காரணம்.

ஓட்டுக் கூரையில் ஒரு பூனையோ குரங்கோ ஓடினாலே ஓடு நகரும். குடியிருக்கும் வீட்டில் அன்று மாலையே யாராவது ஏணி வைத்து ஏறிச் சரிசெய்வார்கள். பூட்டிய வீட்டில் அந்த விரல் அகல இடைவெளி வழியாக அடைமழை முழுவதும் ஒழுகும். முதலில் ரீப்பர் நனைந்து இற்றுப்போகும். அடுத்து கைமரம். அங்கிருந்து நீர் சுவரின் தலைக்கு இறங்கும். செங்கல்லுக்கு நடுவே மண்ணை வைத்துக் கட்டிய பழைய சுவருக்குத் தலை நனைவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. கூரை நன்றாக இருக்கும்வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. கூரை போனால் மூன்று நான்கு மழைக்காலத்தில் சுவர் சரியும்.

ஆச்சி காலத்தில் அடுக்களையில் விறகு எரிந்தது. அந்தப் புகை தினமும் கைமரங்களில் படிந்து, மரத்தை உளுக்க வைக்கும் வண்டை அண்டவிடாமல் வைத்திருந்தது. அடுப்பு அணைந்த வீட்டில் அந்தக் காவல் இல்லை. விட்டத்தின் அடியில் மாவு போல மரத்தூள் உதிர்ந்து கிடந்தால் உள்ளே வண்டு குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

சுவர்வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்று இன்னொரு எதிரி. காக்கையும் மைனாவும் போட்ட எச்சத்தில் வந்த விதை அது. இரண்டு இலையாக இருக்கும்போது கையால் பிடுங்கிவிடலாம். கை மொத்தத்துக்குத் தண்டு வந்த பிறகு வெட்டினால் மேலே மட்டும்தான் போகும். வேர் உள்ளே சுவரைப் பிளந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை வீட்டைச் சுற்றிவந்து பார்த்தாலே இந்த ஆபத்து தீர்ந்தது.

நல்லெண்ணத்தோடு செய்யும் தவறும் உண்டு. சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர் உதிர்கிறது என்று அதன்மேல் சிமென்ட் பூசிவிடுகிறார்கள். காரைச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்று விழும். கூடவே பழைய சுவரையும் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் அந்தப் பகுதியில் ஒருவராவது இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். நீங்கள் கொடுக்கும் கூலியில் வீடும் பிழைக்கும், அவர் கைவேலையும் அடுத்தவருக்குப் போய்ச் சேரும்.

எதற்கு முதலில் செலவழிப்பது என்று கேட்டால் விடை இரண்டே: கூரை, கழிப்பறை. ஊர் வீட்டுக்கு வர மருமகளும் பேரப்பிள்ளைகளும் தயங்குவதற்குப் பெரும்பாலும் வசதியான கழிப்பறை இல்லாததே காரணம். டைல்ஸ், ஏ.சி., புது கேட் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மின்சாரத்துக்குப் பயப்படத் தேவையில்லை. வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் வரை தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை. பூட்டிய வீட்டின் இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருப்பதால் பெரிய செலவு வராது.

■ பெட்டிச் செய்தி: கதவு திறந்த முதல் நாள்

• பகலிலேயே போய்ச் சேருங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் கழித்து உள்ளே போங்கள். வௌவால் எச்சத்தைக் காய்ந்த தூசியாகப் பெருக்காமல் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அள்ளுங்கள்.

• விறகு, ஓடு, சாக்கு அடுக்கியிருக்கும் இடத்தில் கையை விடாதீர்கள். கம்பால் புரட்டிப் பாருங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும். அது கடித்தாலும் வலி அதிகம் தெரியாது. தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலையை நன்றாகச் செருகிக்கொண்டு படுங்கள். கடி என்று சந்தேகம் வந்தால் கீறுவது, கட்டுவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

• புழங்காத கிணற்றுக்குள் யாரையும் இறக்காதீர்கள். காற்றோட்டம் இல்லாத ஆழத்தில் மூச்சு முட்டி உயிர் போகும். மோட்டார் வைத்து நீரை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே புழங்குங்கள். குடிக்க வேறு நீர் எடுங்கள்.

• செப்டிக் டேங்க்கை ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரியை அழையுங்கள்.

• வயரை எலி கடித்திருக்கலாம். எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே மெயின் சுவிட்சைப் போடுங்கள்.

யார் செலவு, யார் பொறுப்பு?

ஊர் வீடுகள் பாழாவதில் மழைக்கும் கறையானுக்கும் ஒரு பங்கு என்றால், மனத்தாங்கலுக்கு மூன்று பங்கு. அண்ணன் ஒருவர் ஓடு மாற்றப் பணம் போடுவார். தம்பி தரமாட்டார். அடுத்த ஆண்டு அண்ணனும் கையை மடக்கிக்கொள்வார். எல்லாருக்கும் சொந்தமான வீடு, கவனிக்க ஒருவரும் இல்லாத வீடாகிவிடும்.

இதற்குப் பல குடும்பங்கள் கையாளும் எளிய வழி ஒரு பொதுக் கணக்கு. நாலு பங்குதாரர்கள் மாதம் 500 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 24,000 ரூபாய் சேரும். வீட்டு வரி, ஆண்டுக்கொருமுறை ஓடு பிரித்துப் போடும் கூலி, வெள்ளையடிப்பு, வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கான தொகை எல்லாம் பெருமளவு இதற்குள் அடங்கும். பணம் போட முடியாதவர் ஆண்டுக்கு ஒரு வாரம் வந்து நின்று வேலை பார்க்கலாம், அதுவும் பங்குதான். வரவு செலவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரசீதோடு போட்டுவிட்டால் பாதிச் சண்டை வராது.

சாவியை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மழையில் ஓடிப்போய்ப் பார்ப்பது அவர். மாடு புறவாசலுக்குள் நுழைந்தால் விரட்டுவது அவர். பதிலுக்கு ஆண்டுக்கு ஒரு சேலையும் ஒரு பெட்டி இனிப்பும் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்கிறோம். அது போதாது. மாதாமாதம் ஒரு தொகை பேசிக் கொடுங்கள். பாசத்தின் பேரால் ஒருவரிடம் இலவசமாக வேலை வாங்குவது நியாயமில்லை.

செட்டிநாடு சொல்லும் பாடம்

பங்குதாரர்கள் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் செட்டிநாடு கண்ணெதிரே நிற்கும் சாட்சி. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் தொழில் செய்த நகரத்தார், பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லுமாக இழைத்துக் கட்டிய வீடுகள் அவை. மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, தனித்தனி அடுப்பு என்ற ஏற்பாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பங்குகள் பெருகின. இன்று பல வீடுகளுக்குப் பத்து இருபது பங்குதாரர்கள். ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள்.

திருமணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் ஒன்றுகூடிச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களின் வீடுகள் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகி வருமானம் தருகின்றன. ஒத்துப்போகாதவர்களின் வீடுகள் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தனித்தனியாக விலைக்கு நிற்கின்றன. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம்பெற்றன. அந்தப் பெருமையால் மட்டும் ஒரு கூரையையும் ஒழுகாமல் வைத்திருக்க முடியாது. பங்குதாரர்கள் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசினால்தான் முடியும்.

பேச்சு என்று வரும்போது மகள்களை விட்டுவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. தமிழ்நாடு 1989-லேயே இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை தந்த மாநிலம். ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை, ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண்கள் பாகம் கேட்க முடியாது என்று 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23-வது பிரிவு தடுத்துவைத்திருந்தது. 2005-ல் வந்த திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கியது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அத்தைக்கும் அக்காவுக்கும் அந்த வீட்டில் உரிமை உண்டு. அவர்களை அழைக்காமல் எடுக்கும் முடிவு சட்டத்தின் முன் நிற்காது; குடும்பத்திலும் நிற்கக் கூடாது.

■ பெட்டிச் செய்தி: விடுமுறையில் முடிக்க வேண்டிய காகித வேலை

• ஊராட்சியில் வீட்டு வரி பாக்கி இருந்தால் கட்டி, ரசீது வாங்குங்கள். யார் பெயரில் ரசீது வருகிறது என்று பாருங்கள்.

• பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள்.

• பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, உங்களுக்குத் தெரியாமல் ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

• நாலு எல்லையையும் அளந்து, கல் நட்டு, படம் எடுத்து எல்லாப் பங்குதாரர்களுக்கும் அனுப்புங்கள்.

• பங்குதாரர் ஒருவர் அங்கே குடியிருப்பதால் மட்டும் மற்றவர் உரிமை போய்விடாது. ஆனாலும் வாய்ப்பேச்சை நம்பாமல் பாகப்பிரிவினையோ உடன்பாடோ எழுத்தில், பதிவோடு இருக்கட்டும்.

அடுக்களைக்கும் விடுமுறை வேண்டும்

ஊர் வீட்டு விடுமுறையைப் பற்றி ஆண்கள் பேசும்போது திண்ணையும் கிணற்றுக் குளியலும் வரும். பெண்களிடம் கேட்டால் பாத்திரக் குவியல்தான் முதலில் வரும். பதினைந்து பேருக்கு மூன்று வேளைச் சமையல், நடுவில் காப்பி, பலகாரம். குனிந்து பெருக்க வேண்டிய நீண்ட தரை. தண்ணீரைச் சுமக்க வேண்டிய தூரம். நகரத்து வீட்டில் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் பார்க்கும் வேலை இங்கே அவர்கள் தோளுக்கு வந்துவிடுகிறது. ஊர் வீடு என்றதும் வீட்டுப் பெண்கள் முகம் வாடினால், அதற்குக் காரணம் ஊர்ப்பற்று இல்லாமை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

வேலையைப் பிரித்தால் இது தீரும். காலைச் சமையல் ஒரு குடும்பம் என்றால் இரவுச் சமையல் இன்னொரு குடும்பம், ஆண்களும் சேர்த்துத்தான். பாத்திரம் விளக்கும் முறை வயது வந்த பிள்ளைகளுக்கு. ஒரு வேளையாவது கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஊரில் இட்லியும் புரோட்டாவும் இன்றைக்கும் நகரத்தைவிட மலிவுதான். ஊரில் சமையல் வேலை செய்யும் பெண்களுக்கு நியாயமான கூலி கொடுத்துக் கூப்பிடுவதும் நல்லது. விடுதி வாடகை மிச்சமானது வீட்டுப் பெண்களின் இடுப்பு வலியால் என்றால், அதைச் சிக்கனம் என்று சொல்லக் கூடாது.

எல்லோருக்கும் ஒரே ஊரா?

ஊர் வீடு என்ற நினைவு எல்லோருக்கும் இனிப்பதில்லை. எந்தத் தெருவில் பிறந்தோம் என்பதைப் பொறுத்து அந்த நினைவு மாறும். ஒரு பேரப்பிள்ளை தாத்தா வீட்டுத் திண்ணையை நினைத்து ஏங்குகிறான். அதே ஊரில் இன்னொருவருக்கு அந்தத் திண்ணையில் உட்கார அனுமதி இருந்ததில்லை. கோயில் கொடையில் தள்ளி நின்ற நினைவும், தேநீர்க் கடையில் தனிக் குவளையில் குடித்த நினைவும் இருப்பவர்கள், ஊரை விட்டுப் போனதையே விடுதலையாக நினைக்கிறார்கள். அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டின் காங்கிரீட் கூரை பெயர்ந்து விழ, திரும்பிவந்து தங்கச் சொந்தமாக ஓர் அறைகூட இல்லாதவர்களும் உண்டு.

பூட்டிய வீட்டைத் திறப்பவர்கள் இதையும் மனத்தில் வைக்க வேண்டும். தாத்தா காலத்து வழக்கங்களில் காப்பாற்ற வேண்டியவையும் உண்டு, கைவிட வேண்டியவையும் உண்டு. வேலைக்கு வருபவருக்கு வீட்டுக்குள் நாற்காலி போடுங்கள். அதே டம்ளரில் காப்பி கொடுங்கள். உங்கள் பிள்ளைகள் ஊரிலிருந்து எதைக் கற்றுக்கொண்டு போகிறார்கள் என்பது அங்கேதான் முடிவாகிறது.

பத்து நாளில் கிடைப்பது

ஊர் வீட்டில் தங்கினால் அதுவே சுற்றுலாவின் மையமாகிவிடும். தென்காசிப் பக்கம் என்றால் 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசிவிசுவநாதர் கோயில், பண்பொழித் திருமலைக் குமாரசுவாமி கோயில், தாமிரபரணி இறங்கும் பாபநாசம், செல்லம்மாளின் ஊரும் பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்ததுமான கடையம் எல்லாம் பஸ்ஸில் போய் மாலைக்குள் திரும்பும் தூரம். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் குற்றாலத்தில் சாரல். அருவியில் குளிக்கத் தடை என்றால் மதித்து நடங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. ஊர் வீடு தஞ்சைப் பக்கம் இருந்தால் பெரிய கோயிலும் தாராசுரமும், சிவகங்கைப் பக்கம் இருந்தால் கீழடி அருங்காட்சியகமும் இதே போல ஒரு நாள் பயணம்.

செலவாகும் பணமும் உள்ளூரிலேயே சுற்றும். பதநீரும் நுங்கும் விற்பவர், கருப்பட்டி காய்ச்சுபவர், கீரைக்காரர், கொத்தனார், ஆட்டோக்காரர் என்று நேராகக் கைக்குப் போகும். பத்துக் குடும்பங்கள் ஒரே மாதத்தில் ஊருக்கு வந்தால் கடைத்தெருவில் வியாபாரம் தெரியும்.

பிள்ளைகளுக்குக் கிடைப்பதோ விலை சொல்ல முடியாதது. சித்தப்பா மகனும் அத்தை மகளும் போனில் பார்த்த முகங்களாக இல்லாமல், ஒரே பாயில் படுத்துச் சண்டை போட்ட உறவுகளாகிறார்கள். நாளை இந்த வீட்டுக்குப் பங்குதாரர்கள் அவர்கள்தான். சிறு வயதில் சேர்ந்து விளையாடியவர்கள் பெரியவர்களானதும் ஒரு கையெழுத்துக்காக நீதிமன்றம் போவது குறைவு.

என்ன செய்யலாம்?

எல்லா ஊர் வீட்டையும் காப்பாற்ற முடியாது. சுவர் சாய்ந்த வீட்டில் பிள்ளைகளைத் தங்க வைக்காதீர்கள். பொறியாளரிடமோ அனுபவமுள்ள கொத்தனாரிடமோ முதலில் காட்டுங்கள். விற்பதுதான் சரி என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால் அதிலும் தவறில்லை. முடிவே எடுக்காமல் பூட்டிப் போட்டு, மழையும் கறையானும் முடிவெடுக்கட்டும் என்று விடுவதுதான் தவறு. அப்படி விடப்படும் வீடு, விற்கும் நிலையிலும் இருக்காது, வாழும் நிலையிலும் இருக்காது.

இந்த வாரமே குடும்பத்தில் பேச்சை எடுங்கள். அத்தைகளையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். கோடையில் ஒரு தேதியைக் குறியுங்கள். அதற்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்கு டிக்கெட் எடுங்கள். மிச்சமாகும் பணத்தைப் பொதுக் கணக்கில் போடுங்கள். கூரையைப் பாருங்கள், கழிப்பறையைக் கட்டுங்கள், வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குப் பத்து நாள் ஆள் புழங்கினாலும் ஒரு வீடு இன்னொரு தலைமுறைக்கு நிற்கும்.